மாதிரிக் கத்திரிக்காய்

வாயில் ஒரு நாக்கு இருக்கிறது என்பதற்காகத் தனக்கு ருசி தெரியும் என்று எவனும் நம்பிவிடக் கூடாது. நான் நம்பினேன். பேரணாம்பட்டில் ஒரு தோல் ஷாப்பில், சுற்றிலும் ஆட்கள் நின்று பார்க்க, தோல் ஊறவைக்கும் குழியில் விரலை விட்டு, அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்து, கண்ணை மூடி, கச்சேரி கேட்பவன் மாதிரி தலையை ஆட்டி, "சரியான புளிப்பு" என்று தீர்ப்புச் சொன்னவன் நான். அன்று காலை முதல் எத்தனை சிட்டிகை மூக்குப்பொடி போட்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. பொடி போடாத நேரத்தைக் கேட்டால் ஒருவேளை சொல்லலாம்.

என் நாக்கைப் பற்றி என் மனைவிக்கு நெடுநாளாக ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. "இவருக்கு ரசமும் ஒண்ணுதான், ரசப் பாத்திரம் கழுவன தண்ணியும் ஒண்ணுதான்" என்பாள். அவள் பேச்சைக் கேட்டு வீட்டோடு இருந்திருந்தால் ஒரு நல்ல மனிதர் தப்பித்திருப்பார்.

அந்த மனிதரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பாலாற்றங்கரையில் பிறந்தவர்களிலேயே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவர் சொன்னது கடைசிவரை ஒருவருக்கும் புரியவில்லை.

அவருக்கும் வாப்பா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆம்பூரில் எங்கள் ஷாப்பில் அதை யாரும் உபயோகிக்கவில்லை. தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்வது. போய் ஏதாவது வாங்கலாம் என்று நினைக்க வேண்டாம். குழிகளும் நாற்றமும்தான் அங்கே சரக்கு. நான் அங்கே கடிதம் எழுதும் ரைட்டர். அவர் கிடங்கு குமாஸ்தா. பெயர் 'அதாவது பாய்'. ஒரு வார்த்தை சொன்னால், அது ஓடிப்போகாதபடி சுற்றிலும் வேலி கட்டாமல் விடமாட்டார்.

"தண்ணி கொண்டா" என்பார் வேலையாளிடம். அவன் திரும்புவதற்குள், "அதாவது, குடிக்கிற தண்ணி. அதாவது, கெணத்துத் தண்ணி, குழித் தண்ணி இல்ல. அதாவது, செம்புல. நெறைய இல்ல, கழுத்து வரைக்கும். அதாவது, இப்ப" என்பார். சொல்லி முடிக்கும்போது அவருக்கே தாகம் அடங்கியிருக்கும்.

உலகத்தில் அவருக்கு ஒரே ஒரு சத்துரு. 'சுமார்' என்கிற சொல். தெரியாமல் யாராவது அவர் எதிரில் அதைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"உடம்பு எப்டிக்குது?"

"சுமார்தான் பாய்."

"சுமார்னா இன்னா? நேத்தைவிட ஜாஸ்தியா, கம்மியா? நடக்க முடியுதா? சோறு எறங்குதா? மொத்தமா சொல்லாத, பிரிச்சு சொல்லு."

இதற்குப் பயந்து, அவர் வரும் தெருவில் எல்லோரும் பரம சௌக்கியமாக இருந்தார்கள். காய்ச்சலில் படுத்திருந்தவன்கூட எழுந்து உட்கார்ந்து, "நல்லாக்கீறேன் பாய்" என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வான்.

ஆபீஸில் எந்தச் சாமானானாலும் நான்கு வரி எழுதி ஒட்டிவிடுவார். பொருள் என்ன, எதற்கு, யாருடையது, எடுத்தால் திரும்ப எங்கே வைப்பது. இந்த வரிசை மாறக் கூடாது. மாறினால் அன்றைக்கு அவருக்குச் சோறு செல்லாது. என் குடையில் ஒட்டியிருந்தார்: 'பொருள்: குடை. எதற்கு: மழை, வெயில் இரண்டுக்கும். யாருடையது: ரைட்டர். எங்கே: கதவுக்குப் பின்னால் உள்ள ஆணி.' அந்த ஆணிக்குத் தனியாக ஒரு சீட்டு. என் பொடி டப்பியில் மட்டும் 'எதற்கு' என்ற இடம் காலியாக இருந்தது.

"இன்னா பாய், இத வுட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா யோசிச்சேன் ரைட்டரே. ஒண்ணும் தோணல" என்றார்.

பூக்காரியிடம் இவர் பட்ட பாடு தனி. முழம் போடுகிறாளே, அது யார் முழம் என்று சண்டைக்குப் போனார். அவள் கை குட்டை, அடுத்த தெருப் பூக்காரி கை நெட்டை; இரண்டுக்கும் பெயர் முழம் என்றால் நாட்டில் ஒழுங்கு எப்படி இருக்கும்? தானே ஒரு குச்சியை வெட்டிக்கொண்டு போய், "இனிமே இதால அளந்து குடு" என்று நீட்டினார். அவள் குச்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "நான் பூவ உன் பொண்டாட்டி கொண்டைக்குக் குடுக்கறனா, இந்தக் குச்சிக்குக் குடுக்கறனா? நீயே சுத்தி வச்சுக்கோ" என்றாள். மனுஷர் வாடிப்போனார். ஆனால் குச்சியை விடவில்லை. கிடங்கில் அதற்கும் ஒரு ஆணி ஏற்பட்டது.

எருமை விஷயமும் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து ஒரு ஏஜெண்ட் எங்கள் முதலாளி ஹாஜியாரைப் பார்க்க வருவதாக இருந்தது. ஸ்டேஷனிலிருந்து ஹாஜியார் வீட்டுக்கு வழி எழுதி அனுப்பும் பொறுப்பு பாயிடம் வந்தது. ஒரு முழுக் காகிதம் எழுதினார். அதில் ஓரிடத்தில், 'எருமை நிற்கும் இடத்தில் இடது கைப் பக்கம் திரும்பவும்' என்று கண்டிருந்தது. அந்த எருமை வருஷக்கணக்காகப் புளியமரத்தடியை விட்டு அசையாத எருமைதான். அன்றைக்கு மட்டும் அதற்குப் பாலாற்றுக்குப் போகவேண்டும் என்று தோன்றிவிட்டது. ஏஜெண்ட் விசுவாசமானவர். எருமையைத் தேடிக் கண்டுபிடித்து, ஆற்று மணலில் அதன் பக்கத்தில் நின்று, இடது கைப் பக்கம் திரும்பியிருக்கிறார்.

நாங்கள் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்து, 'திருத்தம்: நடக்கக்கூடிய எதையும் அடையாளமாகச் சொல்லக் கூடாது' என்று எழுதிக்கொண்டார். எருமை நடக்கும் என்று கற்றுக்கொண்ட மனிதர், இருந்த இடத்திலேயே மாறிப்போகிற வஸ்துவும் உண்டு என்று கற்றுக்கொண்டிருக்கலாம். விதி அவ்வளவு தூரம் பாடம் எடுக்கவில்லை.

இதெல்லாம் பைத்தியக்காரத்தனம் என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் மத்தியானம் கிடங்கில் அவரே சொன்னார்.

"எங்க வாப்பா குழி மேஸ்திரி, ரைட்டரே. அவர் நாக்குல வச்சுச் சொன்னா சரி. ஒரு நாள் காலைல காய்ச்சல்னு படுத்தாரு, சாயங்காலம் மௌத்தாய்ட்டாரு. குழில தோல் இருந்துச்சு. அடுத்து இன்னா செய்றதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அத்தனையும் அழுவிப்போச்சு. ஷாப்ப மூடிட்டாங்க. அங்க வேல செஞ்ச ஜனம் மூட்ட கட்டிக்கினு கோலாருக்குத் தங்கம் வெட்டப் போச்சு. ஒரு மனுசன் கண்ண மூடினா ஒரு ஷாப்பே குருடாவுதுன்னா, இது இன்னா தொழிலு?"

அவருக்கு வேண்டியது இவ்வளவுதான். தோல் வேலை முழுவதையும், முதல் நாள் ஊறவைப்பதிலிருந்து கட்டுக் கட்டி அனுப்புவது வரை, ஒரே வரிசையில் ஒரே சொற்களில் எழுத வேண்டும். ஆம்பூர்க்காரன் எழுதியதை வாணியம்பாடிக்காரன் படித்துச் செய்ய வேண்டும். ஒருவன் செத்தால் அவனோடு வேலையும் சாகக் கூடாது. இதற்கு 'முறை' என்று பெயர் வைத்தார். வருஷக்கணக்காக எழுதினார். சுண்ணாம்பு எவ்வளவு, ஆவாரம்பட்டை எவ்வளவு, எத்தனை நாளைக்கு ஒருமுறை புரட்டுவது, எல்லாம் எழுத்தில் ஏறியது. ஒன்றே ஒன்று ஏறவில்லை. பட்டைத் தண்ணீர் எவ்வளவு புளித்திருந்தால் தோலை இறக்கலாம் என்பது.

எங்கள் குழி மேஸ்திரி முனுசாமி. தொட்டு நக்குவார், "போதும்" என்பார், தோல் இறங்கும். அவ்வளவுதான் அவர் சாஸ்திரம்.

"போதும்னா எவ்ளோ மேஸ்திரி?"

"போதும்னா போதும்தான்."

"அதாவது?"

"அத என் நாக்கு சொல்லும் பாய்."

"உங்க நாக்கு பேரணாம்பட்டுக்குப் போவுமா?"

"நான் போனா கூடவே வரும். தனியா அனுப்பறதில்ல."

பாய் மோரை வைத்து எழுதிப் பார்த்தார். ஒவ்வொரு வீட்டு மோர் ஒவ்வொரு ஜாதி. மாங்காய் பங்குனியில் ஒன்று, வைகாசியில் ஒன்று. எலுமிச்சை எந்தத் தோட்டம் என்று சொல்லவேண்டி வந்தது. இளைத்துப்போனார். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்திருந்தவர் கையில் கவளத்தோடு எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் ஷாப்பில் வெள்ளிக்கிழமைதோறும் சமையல்காரர் மௌலா பாய் பிரியாணி போடுவார். அதற்குத் தொட்டுக்கொள்ள, புளி ஊற்றி எண்ணெய் மிதக்கும் ஒரு கத்திரிக்காய். முதலாளி முதல் தோல் சுமக்கிறவன் வரை, வீட்டில் சொல்லாமல் நான் உட்பட, எல்லோரும் தின்றோம். எங்களுக்குள் ஒரு விஷயத்தில்கூட ஒற்றுமை கிடையாது. அந்தப் புளிப்பு சரி என்பதில் மட்டும் இரண்டு கட்சி இல்லை.

"மேஸ்திரி! இதோ இந்த அளவுக்கா?" என்று பாய் கத்திரிக்காயைக் கையில் ஏந்திக்கொண்டு குழிக்கு ஓடினார். முனுசாமி குழித் தண்ணீரைத் தொட்டு நக்கினார். கத்திரிக்காயை நக்கினார். மறுபடி தண்ணீர், மறுபடி கத்திரிக்காய். அவர் முகத்தில் அதுவரை நான் பார்க்காத ஒரு மரியாதை வந்தது.

"அட, இன்னா பாய் நீ! அதேதான்!"

பாய் குழியோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். கத்திரிக்காயைத் தின்னவில்லை. அது இனிமேல் கறி இல்லையே, அளவுகோல் அல்லவா!

முறை பூர்த்தியாயிற்று. நான்தான் பிரதி எடுத்தேன். 'தண்ணீர் மௌலா பாயின் வெள்ளிக்கிழமைக் கத்திரிக்காய் அளவுக்குப் புளித்திருக்க வேண்டும்' என்று எழுதும்போது சிரிப்பில் ஒரு தாளைக் கெடுத்தேன். வாணியம்பாடிக்கும் ராணிப்பேட்டைக்கும் பேரணாம்பட்டுக்கும் அனுப்பினோம். மௌலா பாய் யார் என்று கேட்டு எல்லா ஊரிலிருந்தும் கடிதம் வந்தது. நியாயம்தானே. அதனால் பாய் அடுத்த காரியம் செய்தார். கத்திரிக்காயை ஜாடியில் அடைத்து, வாயைத் துணியால் கட்டி, ஊருக்கு ஒன்றாக அனுப்பினார். ஒவ்வொன்றிலும் சீட்டு: 'பொருள்: மாதிரிப் புளிப்பு. எதற்கு: ஒத்துப் பார்க்க. யாருடையது: தோல் தொழில் செய்யும் அனைவருடையது. எங்கே: குழியோரம் நிழலில். தின்னக் கூடாது.'

வாணியம்பாடியிலிருந்து உடனே பதில் வந்தது. 'மாதிரி கிடைத்தது. பிரமாதம். வீட்டில் பெண்டுகள் கேட்கிறார்கள், பெரிய ஜாடியாக அனுப்பவும்.' ராணிப்பேட்டைக்காரர்கள் இன்னும் பொறுப்பானவர்கள்: 'புளிப்பு சரி. உப்பு கம்மி. தோல் விஷயம் பின்னால் எழுதுகிறோம்.' பின்னால் எழுதவே இல்லை. பாய் இரண்டு கடிதத்தையும் மடித்து மடியில் செருகிக்கொண்டார். "அனைவருடையதுன்னு எழுதினேன். அதான் தின்னுட்டாங்க போலக்குது" என்றார்.

பேரணாம்பட்டிலிருந்து மட்டும் பதில் இல்லை. அந்த ஷாப்பு ஹாஜியாருடைய தங்கை புருஷனுடையது. அங்கே குழி மேஸ்திரி கோபித்துக்கொண்டு வேறு ஷாப்புக்குப் போய்விட்டார். வேறு வழியில்லாமல், பாய் எழுதிய முறையைப் பார்த்தே முழுத் தோலையும் இறக்கப்போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. ஹாஜியார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தோ பாரு பாய். அங்க உன் முறை நின்னுச்சுன்னா, எல்லா ஷாப்பு மொதலாளிங்களையும் நான் இட்டாந்து ஒக்கார வச்சு, இதான் இனிமே எல்லாருக்கும்னு சொல்றேன். நிக்கலன்னா, முறைன்ற பேச்சே என் ஷாப்புல கூடாது. எனக்குத் தங்கச்சி குடும்பம் அது. நல்லபடியா போய்ப் பாத்துட்டு வா."

பாய் போகவில்லை. அவர் எழுதிய முறையிலேயே ஒரு விதி இருந்தது: எழுதினவன் சோதிக்கக் கூடாது, வேறொருவன்தான் சோதிக்க வேண்டும், எழுதினவன் தன் பிள்ளைக்குப் பரிந்து பேசுவான். "நீங்க போங்க ரைட்டரே" என்றார் என்னிடம்.

"எனக்குத் தோலப் பத்தி ஒண்ணும் தெரியாதே பாய்."

"அதான் வேணும். ஒண்ணும் தெரியாதவன் படிச்சுச் செஞ்சாலும் சரியா வரணும். அதாவது, உங்களவிடப் பொருத்தமான ஆளு ஜில்லாவிலயே கெடைக்காது."

இதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் புழுதி, புழுதிக்குப் பொடி நல்லது.

ஹாஜியாரின் பேரணாம்பட்டு மச்சான் இருக்கிறாரே, அவர் உத்தமர். இந்தத் தோல் சீமையிலேயே பாய் எழுதிய சீட்டுக்கு அப்படியே கீழ்ப்படிந்த ஒரே மனிதர். தின்னக் கூடாது என்று எழுதியிருந்தது; ஜாடியை ஒருவரையும் தொட விடவில்லை. குழியோரம் நிழல் என்று எழுதியிருந்தது. அதற்கென்று ஓலைப் பந்தலே போட்டிருந்தார். வாரக்கணக்கில் கத்திரிக்காய் அங்கே அமர்ந்து, நுரைத்து, பொங்கி, ஜாடியின் துணியைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதற்கு ஒத்துவரும்படி அவர்கள் குழிக்குப் பழைய புளித்த தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒத்துவந்ததும் என்னை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

"கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கறாப்ல தோணுது ரைட்டரே. ஆனா எழுதினவருக்குத் தெரியாதா?" என்றார் மச்சான்.

நான் குழியை நக்கினேன். ஜாடியை நக்கினேன். இரண்டும் ஒன்றாகவே இருந்தன. எனக்கு அன்றைக்கு எதை நக்கினாலும் ஒன்றாகத்தான் இருந்திருக்கும். மிச்சத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முழுத் தோலையும் இறக்கினார்கள். உப்பியது. வெளியே எடுத்துக் காயவைத்தபோது அப்பளம் மாதிரி ஒடிந்தது.

ஹாஜியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அந்தப் பலகைங்கள எடுத்துருங்க" என்றார். குழிக்குக் குழி பாய் எழுதி மாட்டியிருந்த பலகைகளைக் கழற்றி, மௌலா பாயின் அடுப்புக்கு அனுப்பினார்கள். அந்த வெள்ளிக்கிழமைக் கத்திரிக்காய் அவற்றில்தான் வெந்தது. மௌலா பாய்க்கு வேறு துக்கம். "ஆயிரம் பேரு தின்னுக்கீறாங்க, ஒருத்தருக்கு ஒடம்புக்கு ஒண்ணு வந்ததில்ல. என் கத்திரிக்காயப் போயி குத்தம் சொல்லிட்டாங்களே!" என்று பார்த்தவரிடமெல்லாம் புலம்பினார். முனுசாமி மேஸ்திரி மட்டும் குழிக்குப் போய், தொட்டு நக்கி, மெதுவாக, பாய் காதில் விழாதபடி, "போதும்" என்றார்.

நான் பாயிடம் போய் என் பொடி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். உதைத்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவர் வழக்கம்போல ஒரு காகிதத்தை எடுத்தார். 'திருத்தம்: ருசி பார்ப்பவர்' என்று எழுதினார். பேனா அங்கேயே நின்றுவிட்டது.

"உங்க மேல தப்பில்ல ரைட்டரே. நாக்கு எப்டி இருக்கணும்னு நான் எழுதல" என்றார். காகிதத்தை மடித்து என் பொடி டப்பியின் அடியில் வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

அவர் போன பிறகு ஆபீஸில் ஒரு சாமானும் அதனதன் இடத்தில் இல்லை. என் குடை போயிற்று. ஆணி மட்டும் இருந்தது, சீட்டோடு.

பொடியை விட்டேன். விட்ட கதையை எழுதினால் அது வேறு பாரதம். கொஞ்சம் கொஞ்சமாக நாக்கு திரும்பி வந்தது. "ரசத்துல உப்பு ஜாஸ்தி" என்று ஒருநாள் சொன்னேன். மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "நீங்க பொடியே போட்டுக்குங்க" என்றாள்.

பாய் வேலூரில் மண்டித் தெருவில் ஒரு கயிற்றுக் கடையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வெள்ளிக்கிழமை மௌலா பாயிடம் கெஞ்சி ஒரு சின்ன ஜாடியில் கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். ஜாடிக்கு ஒரு சீட்டும் எழுதி ஒட்டினேன். வேண்டுமென்றே வரிசையை மாற்றினேன். யாருடையது என்ற வரியை அடியோடு விட்டுவிட்டேன். 'எங்கே: வயிற்றில். எதற்கு: தின்பதற்கு. பொருள்: கத்திரிக்காய்.' இதைப் பார்த்ததும் அவர் கொதித்துப்போய், தெருவே திரும்பிப் பார்க்க என்னைத் திட்ட வேண்டும். அந்தத் திட்டைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். 'அதாவது' என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தால் போதும், அப்படியே கையைப் பிடித்து ஆம்பூருக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடுவது என்று ஹாஜியாரிடம் முன்கூட்டியே பேசியும் வைத்திருந்தேன்.

பாய் கடை வாசலில் உட்கார்ந்து ஒருவனுக்குக் கயிறு முழம் போட்டுக்கொண்டிருந்தார். குச்சியால் இல்லை. தன் சொந்தக் கையால். கடைசி முழம் கொஞ்சம் நீளமாகவே போயிற்று, அவர் கவனிக்கவில்லை.

"வாங்க ரைட்டரே" என்றார். ஜாடியை வாங்கிச் சீட்டைப் படித்தார். நிதானமாக, அடிவரை படித்தார். திட்டு வாங்கத் தோதாக நெருங்கி நின்றேன். சீட்டைக் கிழிக்கவும் இல்லை, திருத்தவும் இல்லை. துணியை அவிழ்த்து, ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "புளிப்பு எப்டிக்குது பாய்?" என்று கேட்டேன்.

"சுமார்" என்றார்.